மூன்று துளிர்

குடுவையின் மூடி மாட்டவே இல்லை. ஃபென்னா மறுபடியும் திருகிப் பார்த்தாள். கழிப்பறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, ஈரத்தாளில் சுற்றிய மூன்று செடித் துளிர்களையும் டீ கொண்டுவரும் குடுவைக்குள் திணித்திருந்தாள். வெளியே கண்காட்சிக் கூடத்தில் சற்று முன்புதான் ஒருவர் தன் பையைத் திறந்து எல்லோர் முன்னாலும் கொட்டிக் காட்டியிருந்தார். அவர் எடுக்கவில்லை. எடுத்தவள் இங்கே, பதினாறு வயதில், கையில் குடுவையோடு நிற்கிறாள்.

"ஃபென்னா! உள்ளதான் இருக்கியா?" வாசலில் அப்பா ஹெர்பன்.

"வரேன்ப்பா, ரெண்டு நிமிஷம்."

காலையில் விடுதியில் ரொட்டிக்குப் பாலாடைக்கட்டி வைத்துக்கொண்டே அப்பாதான் சொன்னார். "ஹார்மனோட அந்த ஹைட்ரேஞ்சாப் பூச்செடியப் பாத்தியா? மூணு துளிர் கெடைச்சா போதும்டி, வேர்விடவச்சுப் பெருக்கினா ரெண்டு வருஷத்துல மூவாயிரம் செடி." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஃபென்னாவும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்தபிறகும் அது அவள் தலைக்குள்ளேயே நின்றது. ஊரில், பொஸ்கோப்பில், அவர்கள் நாற்றுப்பண்ணைக்கு வருகிற வியாபாரிகள் மூன்று வருடமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "புதுசா என்ன இருக்கு?" அப்பா ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றி மாட்டுவார்.

ஹார்மன் மாமா புதுப் புதுச் செடி வகைகளை உருவாக்குகிறவர். ஃப்ரீஸ்லாந்துக்காரர். ஃபென்னா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து இந்த எஸ்ஸன் செடிக் கண்காட்சியில் அவளைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாய் எடுத்து நீட்டுவார். ஒன்பது வருடம், பன்னிரண்டாயிரம் நாற்று, அதில் ஒரே ஒரு செடி. வெள்ளை இதழ், ஓரத்தில் மையிட்டதுபோல அடர்பச்சைக் கோடு. இன்னும் பெயர் வைக்கவில்லை. வேறு யாரும் அதை வளர்த்து விற்காதபடி அடுத்த மாதம்தான் உரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறார்.

"கொஞ்சம் பாத்துக்கம்மா. காப்பி வாங்கிட்டு வந்துடறேன். எவனாவது கைவச்சா கைய ஒடி" என்று கண்ணடித்துவிட்டு, அரங்கை அவளிடம் விட்டு அவர் போனார்.

நான்கு நிமிடம். பூ விடாத பக்கக் கிளைகளில்தான் நல்ல துளிர் இருக்கும் என்று அப்பா கற்றுக்கொடுத்திருந்தார். நகத்தால் ஒரு கிள்ளு. இன்னொன்று. இன்னொன்று. மூன்றும் சட்டைக் கைக்குள் போய்விட்டன.

காப்பியோடு வந்த ஹார்மன் மாமா கோப்பையை வைக்கக்கூட இல்லை, செடியைத்தான் பார்த்தார். விரலால் ஒரு காம்பைத் தொட்டார்.

"ஈரமா இருக்கு. இப்பதான் கிள்ளியிருக்கான். யாரும்மா வந்தது?"

அப்போது "நான்தான்" என்று சொல்லியிருந்தால் ஒரு அடியோடு முடிந்திருக்கும். ஃபென்னாவின் விரல் அவளைக் கேட்காமலே எழுந்து அடுத்த அரங்கைக் காட்டியது. நீல ஸ்வெட்டர் போட்ட போலந்துக்காரர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். சற்று முன்பு வந்து, இதற்குத் தண்ணீர் எவ்வளவு தேவை என்று அவளிடம் கேட்டவர். அவ்வளவுதான் அவர் செய்தது.

காவலர்கள் வந்தார்கள். பை திறந்தது. விதைப் பட்டியல், கைக்குட்டை, பாதி கடித்த ஆப்பிள். "ஒண்ணுமில்ல, பாருங்க, ஒண்ணுமில்ல" என்று அவர் தெரிந்த ஜெர்மனில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்றும் கிடைக்காதபோதும் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகிறபோது ஃபென்னாவைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். இந்தப் பிள்ளை ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டது, பாவம் என்பதுபோல ஒரு பார்வை. கோபப்பட்டிருக்கலாம் அந்த மனுஷன்.

கழிப்பறையிலிருந்து வெளியே வந்தாள். அப்பாவிடம் குடுவையைத் திறந்து காட்டினாள். அடிப்பார், கத்துவார், இழுத்துக்கொண்டுபோய் ஹார்மன் மாமா காலடியில் நிறுத்துவார். அப்படி நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு மூடியைத் தானே அழுத்தித் திருகினார்.

"தாள நல்லா நனைச்சியா?"

"ம்."

"சூடு படாம இருக்கணும்." குடுவை அவர் தோள்பைக்குள் போயிற்று. அவர் காது மட்டும் சிவந்திருந்தது. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"இங்க நிக்கறீங்களா ரெண்டு பேரும்!" ஹார்மன் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "வாங்க, வாங்க, உக்காருங்க. ஹெர்பன், உன் பொண்ணு இல்லேன்னா இன்னிக்கு அந்த ஆளு செடியவே தூக்கிட்டுப் போயிருப்பான்."

"அவ என்ன பெருசா பண்ணிட்டா" என்றார் அப்பா.

"உனக்கென்ன தெரியும்? கண்ணு அவளுக்கு!" அரங்கின் சின்ன மேசையில் அவர் ஒரு தாளை விரித்தார். "ஒன்பது வருஷமா பேரு தேடிட்டு இருந்தேன். எம் பொண்டாட்டி பேரு வைக்கலாம்னா, ஏற்கெனவே அவ பேரு வச்ச செடி ஒண்ணு காய்ஞ்சே போச்சு, அது போதும்கறா." உரக்கச் சிரித்தார். "இப்ப முடிவு பண்ணிட்டேன். ஃபென்னா. உசிரோட இருக்கறவங்க பேருன்னா அவங்க கையெழுத்து வேணும். சின்னப் பொண்ணுன்னா அப்பா கையெழுத்தும் வேணும். ஹெர்பன், முதல்ல நீ போடு."

அப்பா பேனாவை வாங்கினார். தோள்பையை இறக்கி மேசைக்கு அடியில் வைத்தார். அது ஃபென்னாவின் காலில் இடித்தது. உள்ளே குடுவை லேசாகச் சத்தமிட்டது. அப்பா கையெழுத்துப் போட்டார். எப்போதும் போடுகிற அதே கையெழுத்து, ஒரு கோடுகூடக் கோணவில்லை. பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

ஹார்மன் மாமா சட்டைப் பையில் கையை விட்டார். கறுப்பு மிட்டாய் ஒன்றை எடுத்துத் தாளின்மேல் வைத்தார். காத்திருந்தார். செடி அவர் தோளுக்குப் பின்னால் நின்றது. கிள்ளிய மூன்று இடங்களும் அதற்குள் பழுப்பேறிவிட்டன.

பேனா அவள் விரலில் வழுக்கியது. அப்பா கூரையில் எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இவ்வளவு யோசன?" என்றார் ஹார்மன் மாமா, முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய. "உன் பேரு வைக்கற அளவுக்கு என் பூவு நல்லா இல்லியா?"