ஜெர்சன் பெயரிலிருந்த நட்சத்திரம்

ரீனாவின் போனில் அவள் கணவனுடைய குறுஞ்செய்தி வந்தால் கப்பல் ஹாரன் அடிக்கும். மணியோசை, பறவைச் சத்தம், தண்ணீர் சொட்டும் சத்தம் என்று போன் கம்பெனிக்காரன் பாவம், எவ்வளவோ யோசித்து வைத்திருந்தான். ஜெர்சனுக்கு எதுவும் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் தான் வேலை பார்க்கும் இழுவைப் படகின் ஹாரனையே பதிவு செய்துகொண்டு வந்து, மனைவியின் போனில் தன் பெயருக்கு நேரே பொருத்தினான். கையோடு அந்தப் பெயருக்கு ஒரு நட்சத்திரக் குறியும் போட்டான். நட்சத்திரம் போட்ட பெயருக்கு விசேஷ சலுகை உண்டு. 'தொந்தரவு செய்யாதே' என்று போனை அடக்கி வைத்தாலும் அந்தப் பெயர் மட்டும் அடங்காது.

"வேற எவன் சத்தம் கேக்காட்டாலும் எஞ்சத்தம் உனக்குக் கேக்கணும்லா," என்றான்.

அன்பு இப்படித்தான் இருக்கும்போல என்று அப்போது அவளும் நினைத்துக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் வேறு அன்பு எதுவும் இருக்கவில்லை.

வெளிக்கடலிலிருந்து வரும் பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்து, துறையில் அணைத்து நிறுத்துவது இழுவைப் படகின் வேலை. ஜெர்சனின் கடல் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி அதிகதூரம் போகாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குழம்பில் புளி தூக்கல் என்று சொல்ல முடிகிற தூரத்துக் கடல். ஆனால் அவன் அனுப்பும் செய்திகளைப் படிக்கிறவர்கள், அட்லாண்டிக்கின் நடுவே புயலில் சிக்கியவன் கரைக்கு எழுதுகிறான் என்றே நினைப்பார்கள். 'எங்க இருக்க?' 'ஆபீஸ் போயாச்சா?' 'சாப்டியா?' 'ஏன் பதில் இல்ல?' 'ஏளா?'

சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்று அனுப்பினால் 'சரி' என்று வரும். அந்த 'சரி'க்கும் ஹாரன் அடிக்கும்.

கடற்கரைச் சாலையில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஏஜென்சி ஒன்றில் ரீனாவுக்கு வேலை. முந்திரிக்கொட்டையும் வெட்டுமரத் தடிகளும் வந்திறங்கும்போது அதற்குண்டான தாள்களை எல்லாம் தயாரிப்பாள். எந்தச் சரக்கு எந்த வரித் தலைப்பில் வரும், எதற்கு என்ன சான்றிதழ் என்பது தூக்கத்திலும் தெரியும். ஆனால் சுங்க அதிகாரிமுன் நின்று கையெழுத்துப் போட ஜி-கார்டு வேண்டும். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். அது இல்லாதவரை அவள் தட்டச்சு செய்வாள், கார்டு வைத்திருக்கும் இன்னொருவர் கீழே பேனாவால் கிறுக்குவார், வேலையைச் செய்தது அவர் என்று ஆகும்.

போன வருஷம் அந்தத் தேர்வை எழுதப் போனாள். முதல்நாளே ஜெர்சனிடம் சொன்னாள். "நாளைக்குப் பரீட்சை. மத்தியானம் வரைக்கும் மெசேஜ் போடாதீங்க."

"நான் ஏம்ளா போடப்போறேன்? எனக்கு அறிவில்லையா?"

தேர்வறையின் வாசலில் ஒரு மேசை. அதன்மேல் பிளாஸ்டிக் தட்டு. எல்லோருடைய போனும் அதில். ரீனா தன் போனைத் 'தொந்தரவு செய்யாதே'யில் போட்டு, நல்லபிள்ளையாக வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நாலாவது கேள்வியில் ஹாரன் அடித்தது. அறைக்குள்ளேயே கப்பல் வந்துவிட்டதுபோல எழுதிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி அடித்தது. கண்காணிப்பாளர் தட்டைக் குனிந்து பார்த்தார். மூன்றாவது முறை அடித்தபோது ரீனா எழுந்துவிட்டாள்.

"வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாதும்மா," என்றார் கண்காணிப்பாளர்.

அவர் சொன்னது காதில் விழுந்தது, அர்த்தமும் புரிந்தது. ஆனாலும் கால்கள் போயின. போனை எடுத்துப் பார்த்தாள். 'நல்லா எழுது.' 'ஆரம்பிச்சாச்சா?' 'ஏன் பதில் இல்ல?' வராந்தாவில் நின்று 'ம்' என்று அனுப்பினாள். ஒரு வருஷப் படிப்பை ஒரே எழுத்தில் எழுதி முடித்துவிட்டாள்.

யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை என்பதுதான் பிறகு அவளை அரித்தது. ஜெர்சன் அடித்ததில்லை, அதட்டியதுகூட அபூர்வம். பதில் வராவிட்டால் அவன் கோபப்பட மாட்டான், பயப்படுவான். பயந்ததும் தன் அம்மாவுக்கு போன் செய்வான். மீதியை அவன் அம்மா கிளாடிஸ் பார்த்துக்கொள்வாள்.

கடலுக்குப் போகும் குடும்பங்களில் சத்தம் இல்லை என்றால் சாவு என்றுதான் பொருள். தோணி போய்ச் சேர்ந்த தகவல் வராவிட்டால் கரையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த வழக்கத்தை ஜெர்சன் பத்திரமாகக் காப்பாற்றி, அப்படியே தலைகீழாகத் திருப்பிவைத்திருந்தான். கடலில் இருப்பவன் அவன். காணாமல் போகக்கூடியவள், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரீனா. ஒருமுறை சார்ஜ் தீர்ந்து அவள் போன் அணைந்துபோனது. அன்று வீடு திரும்பியபோது மாமியார் பனிமயமாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். கூடத்தில் உறவுக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே நுழைந்தவளைப் பார்த்து அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதனால் போனை அணைத்துவைப்பது என்ற வழி அவளுக்கு அடைபட்டுப் போயிற்று.

இந்த வருஷத் தேர்வு நெருங்கியபோது முதலாளி நேசக்குமார் அவளைக் கூப்பிட்டார். "இந்த மட்டமும் உனக்குக் கார்டு வரலேன்னா வெளியேயிருந்து கார்டு உள்ள ஆளைப் போட்டிருவேன்மா. உன்மேல வருத்தமில்ல. வேலை நடக்கணும்லா?"

பக்கத்து மேசை அருணாசலவடிவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தாமிரபரணிக் கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

"ஏளா ரீனா, உம்மாப்பிள்ளை சத்தத்தை மட்டும் அமத்தி வையேன்."

"அமத்த முடியாது. ஸ்டார் போட்டிருக்காவ."

"எங்க வீட்டு ஆளு கல்யாணமாயி இத்தனை வருசத்துல எனக்கு அனுப்புன ஒரே மெசேஜ், 'கேஸ் சிலிண்டர் வந்துட்டா?'. உனக்கு ஸ்டாரு, ஹாரனு! கொடுத்து வச்சவ."

"வேணும்னா நீ வச்சுக்கோ."

"எனக்கு எதுக்கு? பஸ்ஸு ஹாரனே போதும்."

முதலில் சத்தத்தை நீக்கி அதிர்வில் போட்டுப் பார்த்தார்கள். இரும்பு மேசைமேல் கிடந்த போனுக்கு 'சாப்டியா?' வந்தபோது மேசை முழுக்க நடுங்கி, குண்டூசி டப்பா கீழே விழுந்தது. "இதுக்கு ஹாரனே தேவலை," என்றாள் வடிவு. கடைசியில் அந்த நட்சத்திரத்தையே எடுப்பது என்று முடிவாயிற்று. ரீனா ஜெர்சனின் பெயரைத் திறந்து, மூலையிலிருந்த மஞ்சள் நட்சத்திரத்தைத் தொட்டாள். மஞ்சள் போய் அது வெறும் வெளிக்கோடாகிப் போனது. ஒரு பழைய புகைப்படத்தை அழிப்பதற்கு நிச்சயமா என்று கேட்கிற போன், புருஷனை இறக்கிவைக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு செய்தி வரும் சத்தத்தில் 'எதுவுமில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

வடிவு கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா? நான் என்னமோ சாமியார்ட்ட போயி பாவசங்கீர்த்தனம் எல்லாம் பண்ணணுமோன்னு நெனச்சேன்."

நிம்மதி வரும் என்று ரீனா காத்திருந்தாள். வந்தது வேறு. ஹாரன் இருந்தபோது அது கூப்பிட்டால்தான் போனை எடுப்பாள். இப்போது கூப்பிடாமலே எடுத்தாள். தாளைத் திருப்பும்போது, குழாயை மூடும்போது, படி ஏறும்போது ஒரு தடவை. திரை இருண்டிருந்தால் பயம். வெளிச்சமாக இருந்தால் அதைவிடப் பயம். இத்தனை காலமும் அவன் அழைக்கிறான், நான் ஓடுகிறேன் என்று தன்மேல் இரக்கப்பட்டு வந்தவளுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. ஓடுவதற்கு அழைப்பே தேவைப்படவில்லை. வெளியே இருந்த ஹாரனை எடுத்துவிட்டாள். உள்ளே ஒன்றை யாரோ பொருத்தியிருந்தார்கள். அதற்குப் போனில் இருப்பதுபோல 'அமைப்புகள்' என்று ஒரு பக்கம் இல்லை.

தேர்வன்று ஜெர்சனிடம் மறுபடியும் சொன்னாள். "மெசேஜ் போடாதீங்க."

"போன வருசமே போடல. ஆல் த பெஸ்ட்தான் சொன்னேன்."

அதே அறை, அதே பிளாஸ்டிக் தட்டு. போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நிமிர்த்தி வைத்தாள். பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்ததும் மறுபடி கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் பக்கம் முழுவதும் காதால் எழுதினாள். கை தன்போக்கில் ஏதோ எழுதியது, காது தட்டிலேயே கிடந்தது. மூன்றாவது கேள்வியில் முந்திரிக்கொட்டை வந்தது. அவளுக்குப் பழக்கமான சரக்கு. அதை எழுதும்போதுதான் காது மெல்ல அவளிடம் திரும்பிவந்து சேர்ந்தது. அடுத்தடுத்து எழுதினாள். தலைக்குமேல் மின்விசிறி இருப்பதைக்கூட மறந்துவிட்டாள்.

அப்போது ஹாரன் அடித்தது.

நீளமாக, ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும்படி அடித்தது. ரீனா எழுந்து நின்றிருந்தாள். எழுந்ததாக அவளுக்கு நினைவில்லை. நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டுத்தான், நிற்பது தான்தான் என்று தெரிந்தது. எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவர்களில் ஒருவரும் ஹாரனுக்கு நிமிரவில்லை. இந்த ஊரில் கப்பல் சத்தத்துக்கு யாரும் நிமிர்வதில்லை. அவளுக்காக நிமிர்ந்தார்கள்.

தட்டில் போன் கவிழ்ந்தபடி சும்மா கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே, கிரேன்களுக்கு நடுவில், நிஜமான கப்பல் ஒன்று துறையைவிட்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு அவளிடமிருந்து பதில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"என்னம்மா, முடிச்சிட்டீங்களா? வெளிய போனா திரும்ப வர முடியாது."

அதே கண்காணிப்பாளர்தான். கால்கள் வாசலைப் பார்த்து நின்றன. போகலாம், போய்ப் பார்த்தால் கண்டிப்பாக ஏதாவது வந்திருக்கும், ஒரு 'ம்' போதும்.

"அடிஷனல் ஷீட் வேணும் சார்," என்றாள்.

கையிலிருந்த தாளில் இன்னும் ஒன்றரைப் பக்கம் காலியாக இருந்தது. அவர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கேட்டு வாங்கியதை வீணாக்கக் கூடாதே என்பதற்காகவாவது ரீனா உட்கார்ந்து அதையும் எழுதி நிரப்பினாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. உள்ளே, கையில் செபமாலையோடு மாமியார் கிளாடிஸ்.

"உசுரோடதான் இருக்கியா?"

"பரீட்சை எழுதிட்டு வாரேன் மாமி."

"அவன் போனுல அழுவுதான். 'ரீனாகிட்டயிருந்து பதிலே இல்ல, என்னமோ ஆயிப்போச்சு'ங்கான். ஏறு, ஏறு. வெயிலு கொளுத்துது."

ஆட்டோவில் ரீனா போனைத் திறந்தாள். 'ஆல் த பெஸ்ட்.' 'ஆரம்பிச்சாச்சா?' 'ஏன் பதில் இல்ல?' 'ஏளா?' 'அம்மாட்ட சொல்லட்டா?' உலகத்தில் எதுவும் நடந்துவிடவில்லை.

"மாமி, மாமா தோணியில போவும்போது உங்களுக்கும் இப்படித்தான் பயமா இருந்திருக்கும், இல்லையா?"

கிளாடிஸ் ஆட்டோக்காரரின் முதுகை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "மாலத்தீவுக்குப் போனார்னா வாரக்கணக்குல ஒரு சத்தம் இருக்காது பாத்துக்கோ. பாய் முழுசும் எனக்குத்தான். கையைக் காலை நீட்டிட்டு ஒறங்குவேன்."

"கோயில்ல மெழுகுவத்தி ஏத்துவீங்களே?"

"ஏத்தலேன்னா தெருவுல என்ன பேசுவாளுவ? அதுக்காச்சுட்டி ஏத்துனது." செபமாலையின் அடுத்த மணியைப் பிடித்தாள். "அவன்ட்ட சொல்லிராத."

சாயங்காலம் ஜெர்சன் வந்ததும் வராததுமாகக் கேட்டான். "ஏன் பதில் போடல?"

"சத்தம் கேக்கல."

"எப்படிக் கேக்காமப் போவும்? ஸ்டார் போட்டிருக்கேன்லா?"

"எடுத்துட்டேன்."

"எதை?"

"ஸ்டாரை. சத்தத்தையும்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டுவான் என்றால் அவளிடம் பதில் தயாராக இருந்தது. அவனோ, கொடியில் காயும் தன் சட்டை காற்றில் பறந்துபோவதைப் பார்க்கிறவன்போல நின்றான். "ஒனக்கு என்னமும் ஆயிருந்தா?" என்றான். "ஒண்ணும் ஆவலைய," என்றாள். அவன் கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

ரீனா குசினியில் சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேடைமேல் சாய்த்துவைத்திருந்த போனின் திரை சத்தமில்லாமல் வெளிச்சமானது. 'டீ இருக்கா?' ஒரு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கை அனிச்சையாகத் துண்டைத் தேடியது. அதைத் தடுத்து இன்னொரு மீனை எடுக்க வைத்தாள். திரை அணைந்தது. மறுபடி வெளிச்சமானது. 'ஏளா?' அணைந்தது.

கூடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. காலடிச் சத்தம் நெருங்கி வந்து குசினி வாசலில் நின்றது.

"டீ இருக்கா?"

கல்யாணமானதிலிருந்து அவனிடமிருந்து எத்தனையோ கேள்விகள் போனில் வந்திருக்கின்றன. அதில் ஒன்று எழுந்து நடந்து வந்தது இதுதான் முதல் தடவை. அவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவள் திரும்பினாள். களைத்திருந்தது. நெற்றியில் உப்பு படிந்திருந்தது. போனில் இது தெரிந்ததில்லை.

"போடுதேன்," என்றாள்.

"போனுல கேட்டேன்லா."

"பாத்தேன்."

"பாத்துமா பேசாம இருந்த?"

"வாரீங்களான்னு பாத்தேன்."

அவன் போகாமல் நிலையில் சாய்ந்து நின்றான். "பரீட்சை எப்படி?" என்றான். 'நல்லா எழுதுனியா' என்பது போனில் வந்திருந்தால் அதற்கும் ஒரு 'ம்' போயிருக்கும். இப்போது யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது கேள்வியில் முந்திரிக்கொட்டை வந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

பாதியில், கொண்டல் காற்றோடு துறைமுகத்திலிருந்து ஒரு ஹாரன் வந்தது. ரீனாவின் தோள் துள்ளியது. ஜெர்சன் அதைப் பார்த்துவிட்டான்.

"அது நான் இல்லளா," என்றான்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, தோள் அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.