அங்கோட்டு ஆக்கணும்

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. கேட்டு வாங்கியது. போன மாதம் தனுவச்சபுரத்தில் ஒரு வாசகசாலைக் கூட்டம். தீராத நோய் உள்ள ஒருவர் தானே விரும்பிக் கேட்டால், டாக்டரின் உதவியோடு சாக அவருக்குச் சட்டம் இடம் தரலாமா என்று விவாதம். தரலாம் என்றவர், தன் தம்பி வலி தாங்காமல் கட்டில் சட்டத்தைக் கடித்ததைச் சொன்னார். கூடாது என்றவர், இந்தக் கதவைத் திறந்துவிட்டால் வீட்டுக்குப் பாரமான ஒவ்வொருவரும் ‘விரும்பி’க் கேட்கவேண்டிய நாள் வரும் என்றார். நான் இரண்டு பேருக்கும் கைதட்டினேன். எனக்கு அப்படி ஒரு சுபாவம்.

கூட்டம் கலைந்தபோது சுகுமாரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற நர்ஸ். பால் விடாத ஒரு கட்டன் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“கதை எழுதுத ஆளுதானே நீ? ஒண்ணு சொல்லுதேன், எழுது. எல்லைப் போராட்டக் காலத்துல ஒரு மனுசனுக்கு நடந்தது. ஆனா கடைசில அந்த மனுசன் என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியணும்.”

“எதுக்கு அக்கா?”

“எனக்கும் புற்று வந்தாச்சு மக்கா. கணையத்துல. நாளைக்கு நான் ஒண்ணு கேட்டா, நான் கேட்டதுதான் அடுத்தவன் காதுல விழணும். அதுக்காக்கும்.”

சாயா கிளாசைக் கீழே வைத்தேன். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: ‘திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ் மாநிலத்தோடு இணைக்கக் கோரி எழுந்த எல்லைப் போராட்டம் ஓய்ந்துகொண்டிருந்த 1956 அக்டோபரில்—’

[பாடப்புத்தகம். ஆனாலும் இந்தத் தகவல் உங்களுக்கு வேண்டும். இருக்கட்டும்.]

இரண்டாம் தொடக்கம்: ‘ரெத்தினதாசின் வயிற்றுக்குள் ஒரு நண்டு—’

[நோய் என்றதும் உவமைக்குக் கை நீள்கிறது. நண்டு போகலாம்.]

மூன்றாவது: பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ரெத்தினதாஸ் படுத்துக் கிடந்தார். வயிற்றில் புற்று. பாலராமபுரத்துத் தறிக்காரர்களுக்கு நூல் விற்றவர். போராட்டத்தில் கோஷம் போட்டுச் சிறைக்குப் போய் வந்தவர். விளவங்கோடு தாலுகா தமிழ் மாநிலத்துக்குப் போகிறது, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா போகவில்லை என்று முடிவாகிவிட்டிருந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி முதல் களியக்காவிளை அந்த மாநிலம். ரெத்தினதாசின் கட்டில் இந்த மாநிலம்.

இது நிற்கிறது. மேலே போகலாம்.

3.

ஒரு மத்தியானம் டாக்டர் கனகதாஸ் வழக்கம்போல வலிக்கு ஊசி போட வந்தார். பொன்னையனும் அங்கே இருந்தார். மாட்டுவண்டி வைத்திருப்பவர், ரெத்தினதாசோடு கொடி பிடித்தவர். மனைவி ஆனந்தபாய் கஞ்சித் தண்ணீரோடு கட்டில் அருகே நின்றார்.

ரெத்தினதாஸ் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“முடியேல்ல டாக்டரே. என்னை அங்கோட்டு ஆக்கணும்.”

டாக்டர் கையை உருவிக்கொண்டார். “அப்பிடியெல்லாம் பேசப்பிடாது ரெத்தினம். அது கர்த்தருக்க காரியம். நம்மொ கை வைக்கப்பிடாது.” பையை மூடினார். அன்றைய ஊசியும் பைக்குள்ளேயே போனது.

பொன்னையனுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் சந்தோஷத்தில். “கேட்டீரா டாக்டரே? இந்தக் கிடப்புலயும் அவனுக்கு அங்கோட்டு போணும்! லேய் மக்கா, நான் ஆக்குதேன். விடிய வண்டி கெட்டிட்டு வாறேன்.”

இருவரும் ஒரே வாசல் வழியாக இறங்கி, ஆளுக்கொரு திசையில் வேகமாகப் போனார்கள்.

ஆனந்தபாய் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். கணவர் காலையிலிருந்து ஒரே பக்கமாகக் கிடந்தார். இடுப்பில் படுக்கைப் புண். தோளுக்கும் தொடைக்கும் கை கொடுத்து அவரை மறுபக்கம் திருப்பிக் கிடத்தினார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

4.

(வெளியூர் வாசகருக்கு: ஆக்குதல் என்றால் எங்கள் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஆக்குவார்கள், விருந்தாளியை பஸ்ஸில் ஆக்குவார்கள். எங்கே என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லவேண்டும். இங்கே பக்கத்துச் சொல் ‘அங்கோட்டு’. அந்தப் பக்கம். அந்த வருடங்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று பொன்னையன் பைபிளில் அடித்துச் சத்தியம் செய்வார். டாக்டருக்கு அது வேறு பக்கம். புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஆனந்தபாய்க்கு அது கட்டிலின் அடுத்த பக்கம்.)

நான் கொஞ்சம் துப்பறிந்தும் பார்த்தேன். அவர் சொன்னது அக்டோபரில். அந்தப் பக்கம் வேறு மாநிலமாவதற்கு நவம்பர் பிறக்கவேண்டும். ஆகவே அவர் மாநிலத்தைத்தான் கேட்டார் என்றால், நவம்பர் வரை உயிரோடு இருக்கக் கேட்டார் என்று ஆகிறது. டாக்டர் புரிந்துகொண்டதற்கு நேர் எதிர்! கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டுக்குள் இரண்டு நடை நடந்தேன். பிறகு, வலியில் கிடப்பவன் காலண்டர் பார்த்தா பேசுவான் என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன்.

5.

டாக்டர் பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. சாவைக் கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக வலிக்கான ஊசியையும் எடுத்துக்கொண்டு போவாரா ஒரு மனுஷன்? கோபத்தில் முதல் வரைவில் அவருக்கு ஒரு தொப்பை வைத்தேன். [எடுத்தாயிற்று.] பயந்திருப்பார். ஊசி போட்டு, அன்றைக்கே இவர் போய்விட்டால், கேட்டதும் கொடுத்துவிட்டான் என்று ஊர் சொல்லும். போலீஸ் வரும்.

சட்டம் வேண்டும் என்பவர் இங்கே என் தோளைத் தட்டுகிறார்: கேட்பது குற்றமில்லை என்று இருந்திருந்தால் அந்த டாக்டர் ஓடியிருக்க மாட்டார், உட்கார்ந்து பேசியிருப்பார். வேண்டாம் என்பவர் அடுத்த தோளைத் தட்டுகிறார்: கொஞ்சம் தைரியமான டாக்டராக இருந்திருந்தால், புரண்டு படுக்கக் கேட்டவரைக் கொன்றிருப்பார். இந்த முறை எனக்குக் கைதட்ட வரவில்லை.

6.

இதெல்லாம் சுகுமாரி அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஆனந்தபாயின் கடைசிக் காலத்தில் அவரைக் கவனித்துக்கொண்டது அக்காதான். ஒருநாள் அக்கா கேட்டிருக்கிறார்: “என்ன சொல்லுதியன்னு நீங்களாவது அவருகிட்ட கேட்டிருக்கலாமே அம்மா?”

ஆனந்தபாய் சொன்னது: “கேட்டா சொல்லிப்போடுவாரே மக்களே. அதாக்கும் கேக்கேல்ல.”

இந்த வரியைக் கொஞ்சம் அழகாக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அழுதேன்.

7.

ரெத்தினதாஸ் நவம்பருக்கு முன்னாலேயே இறந்துபோனார். அதற்குமேல் ஆனந்தபாய் சொன்னதில்லை. ஆகவே முடிவுகள் என் பொறுப்பு.

முடிவு ஒன்று: விடிகிறது. வைக்கோல் பரப்பிய வண்டியில் நண்பனைக் கிடத்தி பொன்னையன் ஓட்டுகிறார். ஒவ்வொரு குழியிலும் ரெத்தினதாஸ் முனகுகிறார். களியக்காவிளை வந்ததும், “ஆக்கியாச்சு மக்கா!” ரெத்தினதாஸ் கண்ணைத் திறந்து பார்க்கிறார். அதே மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், அதே செம்மண். [வலிக்கிற மனுஷனை இவ்வளவு தூரம் குலுக்கிக் கொண்டுவந்ததற்கு பொன்னையனை நான் மன்னிக்கவேண்டுமா? அன்பாகத்தான் செய்தார்.]

முடிவு இரண்டு: சாயங்காலம் டாக்டர் மனம் மாறித் திரும்பி வருகிறார். ஊசியில் மருந்தை ஏற்றுகிறார். வழக்கமான அளவா, அதற்குமேல்—

[இங்கே நிறுத்திவிட்டேன். அளவு என் கையில் இருந்தது. பேனாவை மூடினேன்.]

முடிவு மூன்று: திரும்பிப் படுத்ததும் வலி கொஞ்சம் குறைந்து அவர் தூங்குகிறார். அதுதான் அவர் கேட்டது. [ஆசைப்படுகிறேன். ஆசைக்கு ஆதாரம் கிடையாது.]

8.

சுகுமாரி அக்கா சாயாவை முன்னால் வைத்துக்கொண்டு இதுவரை எழுதியதை வாசித்தார். முன்பைவிட மெலிந்திருந்தார்.

“முடிவை மூணு விதமாட்டு எழுதியிருக்கே. என்ன கேட்டாருன்னு உறுதியாட்டு ஒரு வரியும் எழுதேல்லியே மக்கா.”

“தெரியேல்ல அக்கா.”

“பின்னே எனக்கு ஒரு வரி எழுதித் தா. ஒரே அர்த்தம் உள்ள வரி. சமயம் வரும்போ நான் சொல்லதுக்கு.”

இத்தனை வருடம் ஒரு வரிக்கு இரண்டு அர்த்தம் வைத்துத்தான் பேர் வாங்கினேன். உட்கார்ந்து எழுதினேன்.

‘எனக்குப் போதும்—’ [கஞ்சியா, ஊசியா, நாட்களா?]

‘என்னை விட்டுவிடுங்கள்—’ [வீட்டில் கொண்டுபோயா?]

‘இனி ஒன்றும் செய்யவேண்டாம்—’ [வலிக்கு மருந்து கூடவா?]

காகிதத்தைக் கசக்கினேன். “முதல்ல எனக்குத் தெரியணும் அக்கா. உங்களுக்கு என்ன வேணும்? போகணுமா? இருக்கணுமா? வலி மட்டும் போனா போருமா?”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த வீட்டுல மூணு பேரு நின்னாவ. ஒருத்தரும் இதைக் கேக்கேல்ல,” என்றார்.

பிறகு பதில் சொன்னார். சொல்லி முடிக்கச் சாயா ஆறிவிட்டது. புரியாத இடத்தில் நிறுத்தித் திருப்பிக் கேட்டேன், திருப்பிச் சொன்னார். இப்போது எனக்குத் தெரியும். அவருடைய டாக்டருக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு நான் தருவது ரெத்தினதாசை. டாக்டர் இன்னும் பையை மூடவில்லை. பொன்னையன் வண்டிக்கு ஓடவில்லை. கஞ்சிப் பாத்திரம் ஆனந்தபாயின் கையில்தான் இருக்கிறது. ரெத்தினதாஸ் இப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார், இன்னும் பேசத் தெம்பு இருக்கிறது. கட்டில் ஓரமாக உட்காருங்கள். “எங்கோட்டு?” என்று கேளுங்கள்.

பதில் எதுவாக இருந்தாலும் எழுந்து போய்விடாதீர்கள்.