ஏசாவின் பூட்ஸ்

கோடைக்கு வந்திருந்த பாஸ்டன்காரர்கள் விட்டுப்போன பத்திரிகையோடு ஹுல்டா அத்தை வாசலிலேயே நின்றிருந்தார்.

“கண்ணாடி கொண்டாந்தியா அல்மைரா? எனக்கு எழுத்தெல்லாம் எறும்பாத் தெரியுது. நீ எழுதுனதை நீயே படிச்சுக் காட்டு.”

எங்கள் மெய்ன் கடற்கரையில் அந்தப் பத்திரிகையை வாங்குகிறவர் யாருமில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன். சாதாரண ஊர், சாதாரண மனிதர், அவர்கள் பேச்சு, இதுதான் இனி இலக்கியம் என்று ஆசிரியர் கடிதம் போடுவார். கூடவே, கொஞ்சம் சிரிப்பும் இருக்கட்டும் என்பார். கடலோடு போன கணவர் ஏசாவின் பூட்ஸுக்கு ஹுல்டா அத்தை இருபது வருடமாகத் தோல் காயாமல் கொழுப்புத் தடவி அடுப்போரம் வைத்திருப்பதையும், மாவு பிசையும்போது அதோடு பேசுவதையும் நான் சிரிப்பாக எழுதிக் கொடுத்தேன். என் அம்மா இறந்த வாரம், என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதலுக்காக அவர் என்னிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. பெயரை மாற்றியிருந்தேன், ஏதோ பெரிய உபகாரம் செய்தது மாதிரி. பாஸ்டன்காரர்கள் பத்திரிகையும் கையுமாக வந்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவர் ஆப்பிள் நறுக்க உட்கார்ந்தார். நான் படிக்க ஆரம்பித்தேன். ‘கிறுக்குக் கிழவி’ என்று அச்சில் இருந்த இடத்தில் ‘அந்த அம்மா’ என்றேன். அவள் பூட்ஸைக் கொஞ்சும் பத்தியைத் தாண்டிவிட்டு, அவளுடைய மனஉறுதியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சேர்த்தேன். அச்சில் இருந்ததைவிட நன்றாகவே வந்தது. இப்படியும் எழுதியிருக்கலாம் என்று தெரிந்தபோது வெட்கத்தில் காது மடல் சுட்டது.

முடித்ததும் அத்தை கத்தியைக் கீழே வைத்தார்.

“அழகா இருக்கும்மா. ஆனா அவங்க படிச்சப்போ இதெல்லாம் இல்லையே.”

நான் பத்திரிகையை மடியில் இறக்கினேன்.

“ஒரு பொண்ணு சத்தமாப் படிச்சா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. யாரோ கிறுக்குக் கிழவின்னு நானும் சேந்து சிரிச்சேன். கதையில பூட்ஸ் வந்தப்புறந்தான் எனக்கு உறைச்சுது. அதுக்குள்ள ஒருத்தர் அதை எடுத்து மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து காட்டினாரு.”

“அத்தை, நான் வந்து...”

“அதெல்லாம் வேண்டாம். அவங்க படிச்ச மாதிரியே படி. உன் வாயால கேக்கணும் எனக்கு.”

மறுபடி முதல் வரிக்குப் போனேன். ‘கிறுக்குக் கிழவி’ என்று படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கப் படி என்றார் அத்தை. உரக்கப் படித்தேன். முன்பு தாண்டிய அந்தப் பத்தி வந்தபோது, என்னை அறியாமல் அடுப்போரம் பார்த்தேன். பூட்ஸ் அங்கே இல்லை. இருபது வருடக் கொழுப்பு ஊறிய பலகையில் இரண்டு பாதங்களின் அளவுக்குக் கறுத்த தடம் மட்டும் இருந்தது.

“நிறுத்தாத,” என்றார்.