தேசிக்காயளவு சூரியன்

2019ஆம் ஆண்டு பெப்ரவரி பத்தொன்பதாம் திகதி, நண்பகல் லுஹர் தொழுகைக்கான பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில், கரைத்தீவின் பழைய உப்புக் களஞ்சியத்துக்குள் எலுமிச்சம் பருமனில், தேசிக்காயளவு சூரியன் ஒன்று ஆறு செக்கன் எரிந்தது. அந்த ஆறு செக்கனுக்குள் சுற்றிலும் கால் மைல் தூரத்துக்குச் சூடு இறங்கிப்போனது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோறு கொதியடங்கியது. அப்போதுதான் புத்தளத்திலிருந்து வந்து நின்ற ஓட்டோவின் எஞ்சின், இரவு முழுக்க நிறுத்தி வைத்ததுபோல் குளிர்ந்து கிடந்தது. களஞ்சியத்துக்குப் பக்கத்தில் கருவாடு போட்டு விற்கும் முனவ்வரா தன் வாடியில் காயப்போட்டிருந்த கருவாட்டின் மேல் பனி பூத்தது. மழை வரப்போகிறது என்று நினைத்து பெண்கள் கொடியிலிருந்த உடுப்புகளை எடுத்தார்கள். மழை வரவில்லை. மறுநாள் சின்ன வெங்காயத்தின் விலை இறங்கிவிட்டதால் ஊரில் வெங்காயக் கதைதான் நடந்தது.

அந்தச் சூரியனை உண்டாக்கியவள் அக்கீலா. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது அவளுக்கு ஏழு வயது. ஓலைக்கொட்டிலில் இருந்து படித்து, பல்கலைக்கழகம் போய், பிறகு ஒன்பது வருடம் வெளிநாட்டில் பௌதிகம் ஆராய்ந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். அங்கே ஓர் ஊரளவு கட்டடத்துக்குள் ஆயிரம் பேர் இதே வேலையைச் செய்தார்கள். சூரியனுக்குள் நடப்பதுபோல் ஐதரசன் அணுக்களை ஒன்றோடொன்று சேர்த்து, அதில் பிறக்கும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். ஆனால் எடுப்பதைவிடக் கொடுப்பதுதான் எப்போதும் கூடுதலாக இருந்தது. இன்னும் இருபது வருடத்தில் சரிவரும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் இளைஞர்களாக வேலைக்குச் சேர்ந்தபோதும் அவர்களிடம் அதையேதான் சொல்லியிருந்தார்கள். சின்னதாகச் செய்தால் பிழைகளை விரைவில் கண்டு திருத்தலாம் என்று அக்கீலா நம்பினாள். கரைத்தீவில் ஐதரசனுக்கு வேண்டிய தண்ணீர் கடலோரக் களப்பில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. களஞ்சியத்தை யாரும் வேறெதற்கும் கேட்கவில்லை.

காற்றுப் புகாத இரும்புக் குடுவை ஒன்று அவளுக்குத் தேவைப்பட்டது. கொழும்பில் மூன்று இடத்தில் ஏலாது என்று சொன்ன பிறகு, உப்பளங்களில் பம்பு திருத்துகிற நெய்னாரிடம் வந்தாள். அவன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன், அதிகம் பேசாதவன். நான்கு மாதம் எடுத்து வெல்டிங் செய்து கொடுத்தான். அவள் குடுவைக்குள் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு நாற்பது நாள் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் அசையவில்லை. நாற்பத்தோராம் நாள் அவளே தன் வாப்பாவை அவனுடைய வீட்டுக்கு அனுப்பினாள். அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது.

செலவுக்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று முன்வந்தது. அதன் கொழும்பு அலுவலகத்திலிருந்து றிஸ்மின் என்பவர் விண்ணப்பத்தைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், களப்பு மீனில் காய்ச்சிய ஆணத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கொடுப்பதைவிட எடுப்பது எப்போது கூடும் என்று கேட்டிருந்த இடத்தில் அக்கீலா இருபது வருடம் என்று எழுதியிருந்தாள். றிஸ்மின் அந்தத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இருபது எண்டு போட்டா ஃபைலைத் திறக்கவே மாட்டாங்க, மெடம். அஞ்சு எண்டு போடுங்க. பிறகு பார்த்துக்கலாம்."

அவள் எழுந்துபோய் வாசலில் நின்றாள். களப்பின் எதிர்க்கரையில் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. திரும்பி வந்து இருபதை வெட்டிவிட்டு ஐந்து என்று எழுதினாள். ஏழு வாரத்தில் அனுமதி வந்தது. ஒரே ஒரு வரியை மட்டும் நீக்கியிருந்தார்கள்: குடுவைக்குப் பக்கத்தில் ஆள் நிற்காமல் வால்வுகளைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவி. அதை அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று குறிப்பெழுதியிருந்தார்கள். அதனால் வால்வுகளை நெய்னார் கையால் திறந்தான்.

ஆறு செக்கன் பதினொன்றானது, பதினொன்று நாற்பதானது. மூன்று பங்கு மின்சாரம் உள்ளே போனால் ஒரு பங்கு வெளியே வந்தது. போதாததற்குச் சூரியன் அக்கம்பக்கத்துச் சூட்டையும் எடுத்துக்கொண்டது. மிகக் கிட்ட இருந்ததிலிருந்து மிகக் கூட எடுத்தது. மிகக் கிட்ட நின்றவன் நெய்னார். கொரோனாக் காலத்தில், புதிதாகத் தருவித்த காந்தச் சுருள்கள் பதினொரு மாதம் துறைமுகத்தில் கிடந்ததால் சூரியனை எரிக்க முடியவில்லை. நெய்னார் கொஞ்சம் தேறியது அந்த மாதங்களில் மட்டும்தான். சுருள்கள் வந்ததும் அவன் கைகள் மறுபடி குளிர்ந்தன. அவன் பிடித்தால் தேத்தண்ணிக் கோப்பை ஆறியது. புத்தளத்து டொக்டர் மூன்று வெப்பமானியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு காட்ட வேண்டிய மூன்றும் முப்பத்தொன்றுக்கு மேலே ஏறவில்லை. நுவரெலியாவிலிருந்து தருவித்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பங்குனி வெயிலில் அவன் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனான். பள்ளியில் அவனுக்குப் பக்கத்தில் தொழுவதற்கு வெயிற்காலத்தில் போட்டி இருந்தது.

2022இல் ரூபா விழுந்தது. அறக்கட்டளை ஐந்து வருடம் முடியப்போகிறதென்று நினைவூட்டியது. ஐந்து நிமிடம் தொடர்ந்து எரிவதைத் தங்கள் ஆட்கள் கண்ணால் கண்டால் இன்னொரு கட்டத்துக்கு உதவலாம், தூரக் கருவியும் அதற்குள் அடங்கும் என்று எழுதியது. அந்த ஆட்கள் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. ஊரில் மின்வெட்டு இரண்டு மணிக்கு. வந்தவர்களின் வாகனம் சிலாபத்தில் டீசல் வரிசையில் மாட்டிக்கொண்டது. அவர்கள் களஞ்சியத்துக்குள் நுழையும்போது ஒன்றரை தாண்டிவிட்டது.

இன்றைக்கு வேண்டாம், நிற்க வேண்டாம் என்று அக்கீலா கணவனிடம் சொன்னாள். இந்த வால்வு வேறு யாருக்குத் தெரியும் என்று அவன் கேட்டான்.

"நிப்பாட்டிருவம்," என்றாள் அவள். "நான் ஸ்கூல்ல படிப்பிக்கிறன். போதும்."

"இப்ப நிப்பாட்டினா, இவ்வளவு காலமும் நான் குளிர்ந்தது எதுக்கு?" என்றான் நெய்னார். கோபமாக அல்ல, பம்பு ஒன்றின் பழுதைக் கேட்பதுபோல் கேட்டான். அவன் போய் வால்வைப் பிடித்தான்.

ஒன்று ஐம்பத்தேழுக்குச் சூரியன் பற்றியது. மூன்று நிமிடம் எரிந்ததும் இரண்டு மணியாகி மின்சாரம் நின்றது. விளக்குகள் அணைந்தன, பம்புகள் ஓய்ந்தன, காந்தங்கள் செத்தன. சூரியன் அணையவில்லை. நெய்னார் வால்வை மூடினான், அப்படியும் அணையவில்லை. உள்ளே அனுப்ப எதுவும் இல்லாமல் போனதால் தனக்கு வேண்டியதையெல்லாம் அது வெளியிலிருந்தே எடுத்தது. வந்தவர்கள் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்கள். ஊரார் அவர்களுக்குப் போர்த்திக்கொள்ள முனவ்வராவின் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து கொடுத்தார்கள். மின்சாரம் இல்லாமல் எரியும் சூரியனைப் பற்றி அவர்கள் தங்கள் அறிக்கையில் இரண்டு வரி எழுதினார்கள்: இது சக்தியைத் தரவில்லை, எடுக்கிறது, நோக்கம் நிறைவேறவில்லை.

நெய்னார் அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தான். பகலில் களஞ்சியத்துச் சூரியனுக்கு எட்டாத கடற்கரையில் சுடுமணலில் படுத்திருப்பான். அக்கீலா பக்கத்தில் இருந்து அவன் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொள்வாள். சிறிது நேரத்தில் அவள் கைகளும் மரத்துவிடும், மாற்றிப் பிடிப்பாள். ஒருநாள், ஐந்து என்று எழுதியதை அவனிடம் சொன்னாள். அவன் தெரியும் என்றான். றிஸ்மின் வந்த அன்று பக்கத்து அறையில் பம்பு கழுவிக்கொண்டு இருந்தவன் அவன்தான். ஓகஸ்ட் மாதம் ஒரு பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மௌத்தானான். ஜனாஸா குளிப்பாட்டியவர்கள் மிதமான சுடுதண்ணீர் கேட்டார்கள். ஏழு வாளி கொண்டுவந்தும், மேனியில் படுமுன் அது பச்சைத்தண்ணீர் ஆனது. பிறகு அப்படியே குளிப்பாட்டினார்கள்.

அறக்கட்டளையின் கடைசிக் கடிதம் அவனுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய பிறகு வந்தது. கருவிகள் தங்கள் சொத்து என்றும், முறைப்படி கழற்றும் வரை யாரும் அசைக்கக் கூடாது என்றும், கழற்றுவதற்கான நிதி தற்போது இல்லை என்றும் அதில் இருந்தது. இதற்குள் கிட்டவுள்ள பாத்திகளில் உப்பு விளையாமல் போனது. முனவ்வராவின் வாடியில் கருவாடு காயாமல் ஈரம் கோத்தது. முப்பது வருடமாக அவள் அந்த வாடியில்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தாள். பள்ளிவாசல் நிர்வாகம் கூடி அக்கீலாவை அழைத்து, கடிதம் கிடக்கட்டும், உடைத்துவிடு மகள் என்று சொன்னது. அவள் மறுக்கவில்லை. நெய்னாரின் சம்மட்டியை எடுத்துக்கொண்டு போனாள். குடுவையில் அவன் வெல்டிங் செய்த ஒட்டில் மூன்று நாள் அடித்தாள். உப்பளத்து ஆண்கள் ஆறு பேர் மாறி மாறி அடித்தார்கள். சம்மட்டியின் காம்பு முறிந்தது. ஒட்டு விடவில்லை. அக்கீலா தரையில் குந்தி, நெற்றியைக் குடுவையில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆண்கள் வெளியே போய் நின்றார்கள்.

அன்று வாடியை ஒரேயடியாக மூடிவிட்டு வந்த முனவ்வரா, விற்காமல் மிஞ்சிய ஒரு கூடை கிளவல்லா மீனைக் களஞ்சியத்தின் சுவரோரம் கொட்டிவிட்டுப் போனாள். கோபத்தில்தான் செய்தாள், நாறட்டும் என்று நினைத்தாள். நாலாம் நாள் மனது கேட்காமல் அள்ளிப்போட வந்தபோது மீனின் கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது. ஒன்றைக் கொண்டுபோய் ஆக்கினாள். மீதியைச் சந்தைக்கு அனுப்பினாள். அது மின்கட்டணம் ஏறி ஐஸ் விலை இரட்டித்திருந்த காலம். ஒரு மாதத்தில் கற்பிட்டிப் பக்கத்தில் வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டிமார் மீன் பெட்டிகளோடு வரத் தொடங்கினார்கள். முனவ்வரா அக்கீலாவிடம் வந்து, உள்ளே மீன் வைக்கப் பலகைத் தட்டு அடிக்க வேண்டும், நீதான் சாவி வைத்திருக்க வேண்டும் என்றாள். தன் முகத்தைப் பார்க்க ஊருக்கு எப்படி மனம் வருகிறது என்று அக்கீலா கேட்டாள். முனவ்வரா பலகை எத்தனை அடி வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தாள்.

இப்போது 2025. உப்பளங்கள் அரை மைல் தள்ளிப் போய்விட்டன. காய்ந்த பாத்திகளில் பனி படிகிற காலை வேளைகளில் மாடுகள் அந்தப் பக்கம் மேய்வதில்லை. சந்தையில் சூரிய மீன் என்று கேட்டால் ஐஸ் படாத மீன் தருகிறார்கள், கிலோவுக்கு நூறு ரூபா கூட. அக்கீலா விடிந்ததும் கதவைத் திறந்து மானியை வாசிக்கிறாள். மூன்று பங்கு எடுத்து ஒரு பங்கு கொடுக்கும் கணக்கில் மாற்றமில்லை. பிறகு படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய விரல்நுனிகளில் இப்போது உணர்ச்சி குறைவு. கரும்பலகையில் எழுதும்போது சோக்கட்டி அடிக்கடி கைதவறி விழுகிறது.

போன வாரம் கற்பிட்டி யோசேப்பு இரண்டு பெட்டி பாரை மீனோடு வந்தார். பெட்டிகளை இறக்கிவிட்டுக் குடுவையின் கண்ணாடித் துளையில் கண் வைத்துப் பார்த்தார். உள்ளே அது எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்பவாச்சும் அணையுமா, மிஸ்?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றாள் அக்கீலா.

"அணையிற மாதிரி இருந்தா ஒரு நாளைக்கு முந்தியே சொல்லிப்போடுங்க. மீன் பழுதாப் போயிரும்."

அவள் ஓம் என்றாள். மேல் தட்டில் இருந்த கூனி இறால் கூடையை ஒரு பக்கம் தள்ளி, அவருடைய பெட்டிகளுக்கு இடம் எடுத்துக் கொடுத்தாள்.