பிரான்சில் எப்போதும் ராத்திரி

என்னிடம் ஒரு விஷயத்தை மறைக்க வேண்டுமென்றால் என் புருஷன் ஜெரெமியை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. இது என் அம்மாவுக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். கார் ஷோரூமில் வேலை பார்த்துக்கொண்டு, வாங்க வருகிறவரிடம் “மைலேஜ் கொஞ்சம் கம்மிதான் சார்” என்று தானாகவே சொல்கிற மனிதன் அவன். தெரிந்தும் சேர்த்துக்கொண்டார்கள். விளைவு, என் தாத்தா செத்துப்போனதை நான் நடுரோட்டில் ஒரு பேனரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, கட்டிலை விட்டு இறங்காதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்றும் சொன்னாராம். இதை அவர்தான் சொன்னாரா, என் மாமியார் இருதயமேரி சேர்த்துக்கொண்டாரா என்பது இன்றுவரை தெரியாது. மூலக்குளத்தில் எங்கள் வீட்டு டிவியில் அன்றோடு நியூஸ் நின்றது. சீரியலில் யாராவது மூக்கை உறிஞ்சினாலே அத்தை ரிமோட்டைப் பாய்ந்து எடுத்துவிடுவார். “நீ அழுதா புள்ள அழுமூஞ்சியா பொறக்கும்” என்பார். காலை முதல் இரவு வரை காமெடி சேனல். சிரிக்காவிட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

தாத்தா பெயர் தொமினிக். அம்மாவின் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆகி வந்தவர்; டவுனில் அம்மாவோடு இருந்தார். கோபக்காரர். ரொட்டிக்கடையில் ரொட்டியைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பார். சாயங்காலமானால் பெத்தாங்க் ஆடப் போவார். இரும்புக் குண்டை எறிந்து ஆடும் ஆட்டம் அது. யார் குண்டு குறிக்குக் கிட்டே நிற்கிறது என்று அளப்பதில் அவரோடு சண்டை போடாத ஆள் அந்த மைதானத்தில் கிடையாது. அம்மா வேலைக்குப் போன காலத்தில் எனக்கு ஜடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பியது அவர்தான். பட்டாளத்துக்காரர் பின்னிய ஜடை, சாயங்காலம் வரை ஒரு முடி நகராது, எனக்குப் புருவமும் நகராது. உலகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் அவர்.

நான் கட்டிலில் படுத்த மறுநாளே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். “சும்மா செக்கப்” என்றாள் அம்மா. பிறகு ஒரு நாள் பளிச்சென்று பவுடர் போட்டுக்கொண்டு வந்து, அவளோடு கூடப்பிறந்த கிளமான் மாமா பிரான்சிலிருந்து வந்து தாத்தாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னாள். அங்கே மாமா இருக்கிற துலூஸ் ஊரில் நல்ல டாக்டர் இருக்கிறாராம்.

நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் தாத்தா மேல் கோபமும் பட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிளேன் ஏறிவிட்டாரே, வரட்டும் பேசிக்கொள்கிறேன் என்று சில நாள் அவர் பேச்சையே எடுக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் சங்கடமான எதுவும் பிரான்சுக்குத்தான் போகும் என்று அப்போதே எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சின்ன வயதில் நான் வளர்த்த நாய் காணாமல் போனபோதும் அது பிரான்சுக்குப் போயிருக்கிறது என்றுதான் சொன்னார்கள். நாய் எப்படிப் பாஸ்போர்ட் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள், நாயும் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்கேனுக்குப் போகிற நாள் வந்தது. ஜெரெமி காரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். மூலக்குளம் முனையில் நெரிசல், வண்டிகள் நின்றுவிட்டன. அங்கே வெற்றிச்செல்வனின் பேனர். வெற்றிச்செல்வன் எங்கள் ஏரியாவில் வருகிற தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறவர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, எதுவானாலும் ஒரு பேனர் வைத்து, அதில் தன் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டுவிடுவார். இதிலும் கைகூப்பிக்கொண்டு சிரித்தபடி நின்றார். கீழே கண்ணீர் அஞ்சலி என்று இருந்தது. செத்தது யார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஜெரெமிக்கு வியர்த்துவிட்டது. “ஏஸ்தெல், அங்க பாக்காத. இங்க பாரு. என் காதுல இன்னாமோ பூந்துகிச்சு, இன்னான்னு பாரு” என்றான்.

அவன் காதைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால், பேனரின் மூலையில், ஸ்டாம்பு அளவுக்கு என் தாத்தா தொப்பி வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

“நல்லா பாரு.”

“பாத்துட்டேன். ஒண்ணுமில்ல.”

கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் கத்தினால் ஜெரெமி அங்கேயே காரை எதிலாவது மோதிவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கேன் அறை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தார்கள், அந்த நிமிஷம் உடைந்து அழுதேன். ஸ்கேன் அறையில் ஒரு பெண் அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை. டாக்டரம்மா டிஷ்யூ கொடுத்து, முதல் குழந்தையா என்று சிரித்தார். ஜெரெமியும் அழுதான். அவன் தாத்தாவை நினைத்து அழுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நான் எதற்கு அழுகிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் துடிப்பு கேட்கிறது, ஒரு பக்கம் தாத்தா இல்லை. எனக்கே எதற்கு எவ்வளவு அழுதேன் என்று பிரிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டார்.

“தாத்தா நல்லா கீறாராம். அங்க இப்ப மாங்கா சீசனாம். தெனம் சாப்புடுறாராம்.”

ஜெரெமி இருமினான். அத்தைக்கு பிரான்ஸ் என்றால் ஊட்டிக்குக் கொஞ்சம் அந்தாண்டை இருக்கிற ஊர்.

சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே தாத்தா எல்லோர் வாயிலும் செத்துப்போவார். சொல்லாத வரைக்கும் துலூஸில் மாங்காய் தின்றுகொண்டிருப்பார். எனக்கு அவர் இன்னும் கொஞ்ச நாள் தின்னட்டும் என்று தோன்றியது. பேராசைதான்.

அப்படித்தான் நானும் அந்த நாடகத்தில் சேர்ந்தேன். மற்றவர்களுக்கு நாடகம் என்று தெரியும், எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். ஆனால் இவர்கள் சொன்ன பொய்களின் தரம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“தாத்தா காலைல ஓட்ஸ் சாப்புட்டாராம்” என்றான் ஜெரெமி ஒரு நாள்.

“ஓட்ஸா? எங்க தாத்தாவா?”

“ஆமா. சக்கர இல்லாம.”

“யார் மூஞ்சிலயும் எறியலயா?”

கொஞ்சம் யோசித்தான். “டாக்டர் சொன்னாரில்ல, அதான்...”

மறுநாள் தாத்தா யோகா செய்தார். அதற்கு மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பறவைகளை ரசித்தார். என் தாத்தா பறவையை ரசித்து நான் பார்த்ததில்லை, காக்காயோடு சண்டை போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். செத்தும் கெட்டுப்போய்க்கொண்டிருந்தார் மனிதர். வீடியோ கால் போடுங்கள் என்று நான் கேட்டால் அங்கே ராத்திரி என்பார்கள். காலையில் கேட்டாலும் ராத்திரி, சாயங்காலம் கேட்டாலும் ராத்திரி. ஒரு தடவை விடாப்பிடியாகக் கிளமான் மாமாவுக்கு நானே போன் போட்டேன். “அப்பா தூங்கறாரும்மா” என்றவர் குரல் உடைந்துபோய், சளி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இந்தப் பொய்யர்களில் உருப்படியானவள் அம்மா ஒருத்திதான். தினமும் மதியம் டவுனிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். துக்கத்துக்குக் கட்டிய கறுப்புப் புடவையில் வந்து, பக்கத்து வீட்டுக் கலைமகள் வீட்டுக்குள் நுழைந்து, கிளிப்பச்சைப் புடவையில் வெளியே வருவாள். ஜன்னலில் இருந்து எல்லாம் எனக்குத் தெரியும். வாசலில் நின்று முகத்தைத் துடைத்து, உதட்டை இழுத்து ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வருவாள். அப்பாவைப் பறிகொடுத்தவள் அவள். அவளைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழ வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்டால் தாத்தா செத்துவிடுவார். இதுதான் என் சிக்கல்.

ஆனால் அம்மா சொல்லுகிற தாத்தா என் தாத்தாவேதான். துலூஸில் ரொட்டிக்கடைக்காரனோடு சண்டை போட்டார். ஆஸ்பத்திரி சூப்பைக் குடித்துவிட்டு, பாத்திரம் கழுவின தண்ணீரா என்று நர்சைக் கேட்டார். பெத்தாங்க் ஆடப் போய், ஒரு கிழவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லி இரண்டு பேரும் பெஞ்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் சிரிப்பேன். அம்மாவும் சிரிப்பாள், இது மாட்டிக்கொண்டு வந்த சிரிப்பு இல்லை. “அப்புறம்?” என்று நான் கேட்கக் கேட்க மேலே சொல்லிக்கொண்டே போவாள். அவளுக்கும் அந்த அரை மணி நேரம் தேவைப்பட்டது என்று எனக்குப் பட ஆரம்பித்தது.

அன்றைக்கு வெயில் அதிகம். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். அம்மா என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“நேத்து தாத்தா அந்தக் குட்டிப் பொண்ண சைக்கிள்ல முன்னாடி ஒக்கார வச்சி பீச்சுக்கு கூட்டிட்டுப் போனாராம்டி.”

துலூஸில் கடல் கிடையாது. கிளமான் மாமாவுக்கு இரண்டும் பையன்கள். தாத்தா சைக்கிளை விட்டுப் பல வருஷம் ஆகிறது.

“ம், சொல்லு” என்றேன்.

“போற வழியில அந்தப் பொண்ணு கால ஆட்டிக்கிட்டே வந்திச்சா, சக்கரத்துல கால் பூந்துடுச்சி. குதிகால் சத பேந்துடுச்சி. ஒரே ரத்தம். சைக்கிள ரோட்டுலயே போட்டுட்டு, புள்ளயத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டம். குறுக்க வந்தவன் எல்லாத்தையும் பிரெஞ்சுல திட்டிக்கிட்டே ஓடறாரு.”

அம்மாவின் கால் என் பக்கத்தில் இருந்தது. இடது குதிகாலில் ஒரு தழும்பு. பிறந்ததிலிருந்து பார்க்கிற தழும்புதான், எப்படி வந்தது என்று நான் கேட்டதே இல்லை.

“ரொம்ப வலிச்சிதாம்மா?”

“வலியெல்லாம் தெரியலடி. அப்பா அழுதாரு பாரு, அதப் பாத்துதான் பயந்துட்டேன். அதுக்கு முன்ன அவரு அழுது நான் பாத்ததே...”

நிறுத்திவிட்டாள். என் காலைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“ஒனக்கு எப்பலேந்து தெரியும்?”

“வெற்றிச்செல்வன் பேனர் வச்சதுலேந்து.”

“அந்தப் பாவி நல்லா இருப்பானா!” என்று ஆரம்பித்த அம்மா, அந்த வாக்கியத்தை முடிக்காமல் என் மேல் விழுந்து அழுதாள். என்னால் அவளை முழுசாகக் கட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை, வயிறு குறுக்கே நின்றது. பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கையால் எட்டிய மட்டும் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அத்தை கரண்டியோடு ஓடிவந்தார். “யாரு அழுவுறது? அழக் கூடாதுன்னு சொன்னேனில்ல! ஏன் சம்மந்தி, நீங்களே...” என்றவருக்கு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கரண்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கட்டிலின் மறு பக்கம் உட்கார்ந்து, எங்கள் இருவரையும் விடச் சத்தமாக ஒப்பாரி வைத்தார். “எத்தினி நாளா அடக்கி வச்சிருந்தேன் தெரியுமா! எம் பையன் கல்யாணத்துல எனக்குத் தொப்பி கழட்டி வணக்கம் வச்ச மனுஷன்!” என்றார். பக்கத்து வீட்டில் கலைமகள் டிவியை நிறுத்துவது கேட்டது.

கொஞ்ச நேரம் ஆனது. நான்தான் கேட்டேன்.

“கடைசியா என்னக் கேட்டாராம்மா?”

“கேக்காம இருப்பாரா?” அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “கண்ணத் தொறந்தா ஒன்னத்தான். ஏஸ்தெல் எங்க, ஏஸ்தெல் ஏன் வரலன்னு. ஒன்ன படுக்கப் போட்டிருக்குன்னு சொன்னா ட்ரிப்ஸப் பிடுங்கிட்டு எறங்கி வந்துடுவாரு. அதான்...”

“அதான்?”

“நீ பிரான்ஸுக்குப் போயிருக்கன்னு சொல்லிட்டேன்.”

அத்தை ஒப்பாரியைப் பாதியில் விட்டார். “ஏன் சம்மந்தி, ஒங்களுக்கு வேற ஊரே தெரியாதா?”

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?”

“கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. புள்ளத்தாச்சிய பிளேன்ல ஏத்துனானுங்களான்னு கேட்டாரு. டாக்டர் சரின்னுட்டாருப்பான்னேன். மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. அப்புறம், அங்க குளிரும், காத மூடிக்கச் சொல்லுன்னாரு. அதுக்கப்புறம் ஒன்னக் கேக்கவே இல்லடி. நானாதான் தெனம் சொல்லுவேன், ஏஸ்தெல் போன் பண்ணா, நல்லா சாப்புடுறா, ஊரெல்லாம் சுத்திப் பாக்குறான்னு. அப்புறம், அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு.” அம்மாவுக்கு மறுபடியும் கண் நிறைந்தது. “பாவம்டி, அப்படியே நம்பிட்டாரு.”

நான் அம்மாவைப் பார்த்தேன். நானும் அப்படியே நம்பிவிட்டேன் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஆமாம்மா” என்றேன். “நம்பித்தான் இருப்பாரு.”