ஆமைக்கு அமீனா காவல்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லி வைத்தவர்கள், இரண்டும் ஒரே வீட்டில் புகுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கிற பொறுப்பு ஃபிரிஜ் மெக்கானிக்கின் தலையில் விழுந்தது.

முதலில் வந்தது ஆமை. மெக்கானிக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே, உள்ளங்கையில் அடங்குகிற அளவில் வந்து, இப்போது பெரிய பானை மூடி அளவுக்கு ஆகியிருந்தது. தரை ஆமை. தண்ணீரில் விட்டால் செங்கல் மாதிரி அடியில் போய் உட்காரும்.

அமீனா பிற்பாடு வந்தார். கோர்ட் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி, கட்டில் பீரோ என்று எல்லாவற்றையும் ஜப்தி செய்கிற உத்தியோகம். மெக்கானிக்கின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். ரிட்டையர் ஆன கையோடு, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர், பெட்டியைத் திறந்து சுவரில் ஆணி அடித்துச் சட்டையை மாட்டினார். ஊரையெல்லாம் காலி பண்ணிய மனிதரைக் காலி பண்ண எந்தக் கோர்ட்டாலும் முடியவில்லை. அவர் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு, ஒரு வீட்டில் சுவர்க்கடிகாரம் தானாக இறங்கி வந்து ஜப்திக்கு வரிசையில் நின்றதாம். மெக்கானிக்கும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் கைவைத்த ஃபிரிஜ்ஜுக்குள் போன மீன் மறுநாள் எடுத்தபோது தும்மியது என்று மீன்கடைக்காரரே சத்தியம் செய்திருக்கிறார்.

அந்த வீட்டில் காலை வெயில் விழுகிற அறை ஒன்றுதான். அது ஆமையின் அறை. வந்த அன்றே அமீனா அதில் கட்டிலைப் போட்டார்.

"மச்சான், அது ஆமையோட ரூம்."

"அது பேர்ல பத்திரம் இருக்கா மாப்பிள்ளை?"

"வெயில் இல்லாட்டி அது சாப்பிடாது."

"நானும்தான் சாப்பிட மாட்டேன்" என்றார் அமீனா. அன்று மத்தியானம் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஆமை பின்கட்டு நடைக்கு மாற்றப்பட்டது. ஒரு பக்கம் குளியலறைக் கதவு, மறுபக்கம் பின்வாசல். நடுவில் காற்று வேலையில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது. கோடை முடிகிற வரை ஒன்றும் தெரியவில்லை. குளிர் ஆரம்பித்ததும் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கீரை வைத்தால் கீரை வாடியது. பப்பாளி வைத்தால் எறும்பு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனது. வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் கண்ணைத் திறந்து மெக்கானிக்கைப் பார்க்கும். வெளியே எடுத்துத் துடைத்ததும் மறுபடி மூடிக்கொள்ளும். வாயைப் பிளந்து ஊட்டவும் முடியாது. உடம்பில் சூடு இல்லாத ஆமைக்குள் போன தீனி செரிக்காமல் அழுகி, அதையே கொன்றுவிடும். மெக்கானிக்குக் கவலையில் சோறு இறங்கவில்லை.

"இதுக்குப் பேர்தான் உண்ணாமை" என்றார் அமீனா, பல் குத்திக்கொண்டே.

"உங்களுக்கு ஒரு பேர் இருக்கு மச்சான். போகாமை."

"ஊருக்கெல்லாம் குளிரை விக்கிற ஆளு, வீட்டுல ஒரு ஆமைக்குச் சூடு குடுக்க வக்கில்லை."

"சூடு சொரணை உள்ளவங்க ரூமைக் காலி பண்ணினா அதுக்குச் சூடு தன்னால வரும்."

மெக்கானிக்கின் மனைவி தையற்காரி. முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டே இந்தக் கச்சேரியை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. மிருகக்காட்சிசாலையில கண்ணாடி ரூம் கட்டி, லைட்டு போட்டு வெச்சிருக்காங்களாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள இது சாப்பிடலைன்னா அங்க கொண்டுபோய் விட்டுடுவேன். இது இங்க கிடந்து செத்து, அதுக்கு நீங்க ஒரு வருஷம் மூக்கைச் சிந்தறதை என்னால பாக்க முடியாது."

"நான் வளத்ததும்மா அது!"

"அதான் உயிரோட இருக்கட்டும்னு சொல்றேன்."

அமீனாவின் முகத்தில் வெளிச்சம் அடித்தது. "கோணிப்பை இருக்கா? நானே தூக்கிட்டுப் போறேன். அனுபவம் இருக்கு" என்றார்.

மெக்கானிக் அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு, மூலையில் கிடந்த பழைய ஃபிரிஜ் ஒன்றை வண்டியில் ஏற்றி வந்து நடையில் இறக்கினார். உள்ளே பஞ்சு அடைத்த கெட்டிச் சுவர். குளிரை வெளியே விடாத சுவர் சூட்டையும் வெளியே விடாது. மோட்டாரைக் கழற்றினார். தட்டுகளை உருவினார். அடியில் மண்ணும் காய்ந்த புல்லும் பரப்பினார். பின்னால் குழாய் போன வளைந்த துளையைக் காற்றுக்கு விட்டுவைத்தார்; காற்று வளைந்து நுழையும், வெளிச்சம் வளையாது. உள்விளக்கு இருந்த இடத்தில், அதே ஒயரில், ஒரு பெரிய சூடு பல்பை மாட்டினார். கதவைத் திறந்து கையை நீட்டினார். கதகதப்பாக இருந்தது. தெர்மாமீட்டர் எதற்கு? அந்தக் கை பார்க்காத பெட்டியா?

ஆமையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

அமீனா ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கவில்லை. தெருவுக்குப் போனார். "ஆமையை ஃபிரிஜ்ஜுல வெச்சுட்டான்" என்று பால்காரரிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது "ஆமைக் கறி வெச்சிருக்கான்" என்று ஆகி, எதிர்வீட்டம்மாள் கிண்ணத்தோடு வந்து, கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மெக்கானிக் காலையில் கடைக்குப் போகும்முன் திறந்து பார்ப்பார். பல்பு ஜோராக எரியும். இரவு வந்ததும் திறந்து பார்ப்பார். பல்பு ஜோராக எரியும். ஆமை மட்டும் கல்லாகவே கிடந்தது. மேலே கையை வைத்தால் ஓடு சில்லென்று இருந்தது. இவ்வளவு சூட்டில் இது எப்படிக் குளிர்கிறது? ஏதோ பெரிய நோய், பிழைக்காது என்று அவர் மனது முடிவு கட்டிவிட்டது. சனிக்கிழமை காலையில் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஒரு வாய் தின்னுடா, உன்னை அந்த ஆளு கோணியில போடாம இருக்கணும்" என்று கெஞ்சினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கடைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அமீனா நடைக்கு வந்தார். மறுநாள் காரியத்துக்கு இன்றே சரக்கைப் பார்த்து வைப்பது அவர் தொழில் வழக்கம். ஃபிரிஜ் கதவை அகலத் திறந்து, நாற்காலியைப் போட்டு, எதிரில் உட்கார்ந்தார். கையில் தட்டு நிறையப் பப்பாளி.

"எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா? கதவைத் தாப்பா போட்டுக்கிட்டு, ஆள் இல்லாத மாதிரி நடிப்பானுங்க. நான் போக மாட்டேன். வாசல்லயே உக்காந்து சாப்பிடுவேன். வாசனைக்கு வெளிய வந்துதான் ஆகணும்."

இப்படி ஆமைக்குத் தம் சர்வீஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கேட்க ஆள் கிடைக்காமல் தேங்கிக் கிடந்த கதைகள். அவர் மனைவியும் பிள்ளைகளும் பாதியிலேயே எழுந்து போன கதைகள். ஆமையால் எழுந்து போக முடியவில்லை. ஒரு ஜமீன்தாரின் யானையை ஜப்தி செய்து பீரோவில் வைத்துப் பூட்டிய கதைக்கு வரும்போது மத்தியானம் திரும்பிவிட்டது. கதவு திறந்தேதான் கிடந்தது.

அப்போது ஒரு கால் நீண்டது. பிறகு கழுத்து. யானைக்குக் கோர்ட்டில் ரசீது கொடுத்த இடத்தில் அமீனா கையை விரித்தார். விரலிடுக்கில் இருந்த பப்பாளித் துண்டை ஆமை லபக்கென்று கவ்வியது.

"ஐயோ, விரலு!"

விரல் இருந்தது. பப்பாளிதான் இல்லை. தையற்காரி ஓடிவந்து பார்த்தபோது ஆமை இரண்டாவது துண்டை மென்றுகொண்டிருந்தது. தாடையெல்லாம் சிவப்பு.

மெக்கானிக் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சேதி எட்டியது. செருப்போடு உள்ளே ஓடினார். ஆமை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டைத் தடவினார், இளஞ்சூடு.

"என் அதிகாரத்துக்கு மசியாத ஜீவன் உண்டா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்க கதவைச் சாத்திட்டுப் போனீங்க. நான் எதிர்ல உக்காந்தேன். தின்னுது. வித்தியாசம் புரியுதா மாப்பிள்ளை?"

மெக்கானிக் ஆமையை இன்னும் கிட்டத்தில் பார்க்கத் தலையைப் பெட்டிக்குள் விட்டார். பெட்டி விளிம்பில் அவர் தோள் அழுந்தியது. பொட்டென்று பல்பு அணைந்தது. தோளை விலக்கினார், எரிந்தது. அழுத்தினார், அணைந்தது.

கதவு வந்து மூடுகிற அந்த விளிம்பில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளை பட்டன். எல்லா ஃபிரிஜ்ஜிலும் இருப்பது. கதவைத் திறந்தால் விளக்கு எரியும், மூடினால் அணையும். எத்தனையோ வீடுகளில் அந்தப் பட்டனை மாற்றியவர், இந்தப் பெட்டியில் கைப்பழக்கத்தில் அதை அப்படியே விட்டுவிட்டார். அவர் பார்த்தபோது மட்டும் எரிந்து, பார்க்காதபோதெல்லாம் அணைந்து, ஆமையை இருட்டில் உறைய வைத்திருக்கிறது பல்பு. நோயும் இல்லை, நொடியும் இல்லை. ஆமையைச் சாகடிக்க இருந்தவர் அவரேதான். காப்பாற்றியவர், இந்த உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க, மச்சான்.

இதைப் பரம ரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதற்குள் அமீனா தங்கையிடம் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"நான் இல்லேன்னா அது பட்டினிதான். பாவம், குளிர்காலம் முழுக்க இருந்து பாத்துக்கறேன். அடுத்த குளிருக்கும் தேவைப்படும்."

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதையாக, மெக்கானிக் நடுக்கூடத்தில் போய் நின்றார்.

"அதிகாரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பட்டனைக் கழட்டாம விட்டது என் தப்பு. கதவு மூடினா பல்பு அணைஞ்சிருக்கு. நீங்க திறந்து வெச்சதால எரிஞ்சுது, சூடாச்சு, தின்னுது. அவ்வளவுதான்."

அமீனா தங்கையைப் பார்த்தார். தங்கை புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா ஃபிரிஜ் பாக்கறீங்க. பச்சப் புள்ளைக்குத் தெரியும் இது. நீங்களா இந்தத் தப்புப் பண்ணுவீங்க?"

"பண்ணிட்டேன்டி!"

"என்னைத் துரத்தறதுக்காகத் தன் தொழிலையே கேவலப்படுத்திக்கறாரு பாரு" என்றார் அமீனா. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மெக்கானிக் பட்டனைக் கழற்றி எறிந்து, ஒயர் இரண்டையும் நேராக முறுக்கி டேப் சுற்றினார். கதவை அறைந்து சாத்தினார். "இப்போ உள்ள எரிஞ்சுகிட்டு இருக்கு. பாருங்க!"

அமீனா கதவைத் திறந்தார். எரிந்தது. "முன்னாடியும் இப்படித்தானே எரிஞ்சுது?"

"முன்னாடி மூடியிருந்தப்போ எரியலை!"

"இப்ப மூடியிருந்தப்போ எரிஞ்சுதுன்னு யார் பாத்தா? மூடின கதவுக்குள்ள நடக்கறதுக்குச் சாட்சி கிடையாது மாப்பிள்ளை. தெர்மாமீட்டர்னு ஆரம்பிக்காதீங்க. வாதி கையில இருக்கிற சாட்சி செல்லாது."

தையற்காரி குண்டூசியை மறுபடி வாயில் கவ்வினாள். "எப்படியோ அது தின்னுது. மிருகக்காட்சிசாலை வேணாம். அண்ணன் இருக்கட்டும். போய்ப் பப்பாளி நறுக்குங்க."

ஆமை வீட்டிலேயே தங்கியது. மெக்கானிக்குக் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததைப் பிரித்து வாங்க வழியில்லை. மூடிய கதவுக்குள் பல்பு இரவெல்லாம் எரிவது அவருக்கும் ஆமைக்கும் மட்டும் தெரியும். காலையில் அமீனா கதவைத் திறக்கும்போது அது கழுத்தை நீட்டிக்கொண்டு தயாராக நிற்கும். "என் காலடிச் சத்தம் கேட்டுதுல்ல?" என்பார். அது சாப்பிட்டு முடிக்கும்வரை அதனிடம் யானைக் கதையைத் தொடர்வார்.

"மாப்பிள்ளை, நாங்க ரெண்டு பேரும் பசியோட இருக்கோம்!" என்று அன்றும் நடையிலிருந்து குரல் வந்தது.

மெக்கானிக் பப்பாளியை நறுக்கி இரண்டு தட்டில் போட்டார். பழுத்த பாகம் ஆமைக்குப் போயிற்று. காம்புப் பக்கத்துக் காயை அமீனாவின் தட்டில் அழகாக அடுக்கி, மேலே ஒரே ஒரு பழத்துண்டை மூடி மாதிரி வைத்து எடுத்துப் போனார்.