சர்க்கரை போட்டேனா?

1

இந்தக் கதை என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது. நான் பார்க்கவில்லை. ஒட்டுக்கேட்ட பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய பழைய டீச்சர் நான். ஆகையால், ஒட்டுக்கே— வேண்டாம். காதில் விழுந்தது.

முதல் வரி: 'தொண்ணூற்றேழு புரட்டாசி, சனிக்கிழமை, கொளவாய் ஏரியின் மேல் இளவெயில் பொன்னாக' — அடித்துவிட்டேன். எனக்குக் கதை என்றால் குரல்தான் வரும். வெயில் வராது.

இரண்டாவது: 'தமிழ்ச்செல்வி அழகான' — இதுவும் வேண்டாம். படாளத்துப் பெண். பக்கத்து வீட்டு ஜெயந்தைக் காதலித்துக் கட்டிக்கொண்டு எட்டு மாதம். பாயசத்துக்கு இது போதும்.

மூன்றாவது, குரலோடு:

"இன்னிக்குப் பெருமாளுக்கு நீயே பண்ணிடு. ஒண்ணு பிசகித்தோ, அப்புறம் எப்பவும் நான்தான்."

மாமியார் கோமளவல்லி, திருவிடந்தைக்காரி. மருமகளை இதுவரை அந்த அடுப்பருகே விட்டதில்லை. (காப்பிக்கு விட்டிருப்பாள். கதைக்காகச் சற்றுக் கூட்டுகிறேன்.)

2

நெய்யில் வறுபட்ட அரிசி பாலிலேயே வெந்து குழைகிற மணம் சுவர் தாண்டி வந்தது. கோமளவல்லிக்கு அது திருக்கண்ணமுது. தமிழ்ச்செல்வியின் அம்மா முனியம்மாவுக்குப் பாயசம். பால் என்னவோ, முனியம்மா படாளத்திலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்ததுதான்.

உருளியில் கரண்டி உரசிக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

"எம்மா, சர்க்கர போட்டனா?"

"என்னாண்ட கேட்டா? நீதான கிண்டிக்கினு கீற."

"நீ பேசிக்கினே இருந்த, மறந்துட்டன்."

"ஒரு வாய் பாரு."

"சாமிக்கு முன்னாடி வாய்ல வெக்கக்கூடாது."

"டப்பாவப் பாரு."

"இம்மாம்பெரிய டப்பா. எடுத்தாலும் தெரில, எடுக்கலன்னாலும் தெரில."

"இன்னொருவாட்டி போட்டுடு."

"மொதல்லயே போட்டிருந்தா?"

"அப்ப ஒரு சொட்டு வாசப்படில வுடு. எறும்பு சொல்லும்."

"எறும்பு தின்னா எச்சில் இல்லியா?"

"பெருமாளு எறும்பாண்டல்லாம் சண்டைக்குப் போமாட்டாரு."

எறும்பு பாலுக்கும் வரும். முனியம்மாவுக்கு அது தெரியாதா என்ன? மகளின் பதற்றத்தை அடக்க எதையாவது சொல்ல வேண்டுமே. (பதற்றத்தைப் பார்த்தேனா? வளையல் சத்தம் கேட்டது.)

3

இந்த இடத்தில் தமிழ்ச்செல்வி என்னிடம் திரும்பிவிட்டாள்.

"எழுதுறது நீங்கதான டீச்சர்? போட்டனா இல்லியா?"

"எனக்கெப்படித் தெரியும்? நடுவில் சுவர் இருக்கிறது."

"இன்னா கதாசிரியரு நீங்க?"

போன கதையைத் திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியரும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டிருந்தார்.

4

"ஆச்சா?" — கூடத்திலிருந்து கோமளவல்லி.

(அ) அவள் உண்மையைச் சொல்லி அழுகிறாள். (ஆ) உருளி கவிழ்ந்து— சீ. நல்ல பாலை நான் கொட்டமாட்டேன்.

காதில் விழுந்தது: "ஆச்சும்மா."

மணி அடித்தது. டம்ளர்கள் வைக்கப்பட்டன. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. சுவரோடு காதை வைத்— நகர்ந்து நின்றேன்.

கடைசியில் கோமளவல்லி:

"இன்னும் ஒரு கரண்டி போடு. வர சனிக்கிழமையும் நீயே பண்ணிடு."

5

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். பேனாவை மூடியும் ஆயிற்று. வாசலில் குரல்.

"டீச்சர், பாயசம்."

"எனக்குத்தான் சர்க்கரை வியாதியாச்சே."

"மாமியாரம்மா சொன்னாங்க, பிரசாதம், டீச்சருக்கு ஒண்ணும் பண்ணாதாம்."

"நீ சாப்பிட்டாயா?"

"இல்ல டீச்சர். பயமா கீது."

"அதான் மாமியார் இன்னொரு கரண்டி கேட்டார்களே."

(என் காதைப் பற்றி அவளுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.)

"அதான் டீச்சர் பயம். இத்தினி மாசத்துல என்னாண்ட எதுவுமே கேட்டதில்ல. நல்லாருந்து கேட்டாங்களா, இல்ல எம்மனசு நோகக்கூடாதுன்னு கேட்டாங்களா? நீங்க பாத்து சொல்லுங்க."

டம்ளர் இந்தத் தாளின் ஓரத்தில் இருக்கிறது. டாக்டர் கூடாதென்றிருக்கிறார். போன முகூர்த்தத்தில் நான் தின்ற ஜாங்கிரிகளை யாரும் இங்கே இழுக்க வேண்டாம்.

அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். ஆறுவதற்குள் நீங்கள் ஒரு வாய் பாருங்கள். இனிப்பாக இருந்தால் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இல்லாவிட்டால், இன்னும் ஒரு கரண்டி கேளுங்கள்.